ஒரு மாத்திரைக்கு முன் ஒரு பட்டியல்

நாளுக்கு ஒரு மாத்திரை, 12 வாரம். கல்லீரல் அழற்சி சி எனப்படும் ஹெப்படைட்டிஸ் சி நோயை இன்று பெரும்பாலோருக்கு இவ்வளவிலேயே குணப்படுத்திவிடலாம். சிகிச்சையை ஒழுங்காக முடிப்பவர்களில் 100க்கு 95 பேருக்கு மேல் கிருமி உடலைவிட்டு முற்றிலும் நீங்கிவிடுகிறது. நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் நாம் வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்குகிறோம். நோய் கட்டுக்குள் இருக்கும், போகாது. இங்கே நோயே போய்விடுகிறது.

இவ்வளவு எளிய சிகிச்சையைப் பற்றி எச்சரிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எளிதாக இருப்பதுதான் காரணம் என்பது என் கருத்து. எளிதாகத் தோன்றும் மருந்தை யாரும் யோசித்து விழுங்குவதில்லை. இந்த மாத்திரையின் பாதுகாப்பில் ஒரு பாதி மருந்திலேயே இருக்கிறது. மறுபாதி, நோயாளி மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் சொல்லும் விவரங்களில் இருக்கிறது. அந்த மறுபாதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களாகிய உங்களுக்கும் வேலை உண்டு.

முதலில் நோயைப் பார்ப்போம். இதன் கிருமி 1989இல் கண்டறியப்பட்டது. அதற்கு வழிவகுத்த ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. உலகில் சுமார் 5 கோடிப் பேர் இந்த நோயுடன் வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2022இல் மட்டும் ஏறக்குறைய 242,000 பேர் இதனால் இறந்தனர். கிருமி ரத்தத்தின்வழி பரவுகிறது: பரிசோதிக்கப்படாத ரத்தம், பலருக்குப் பயன்படுத்திய ஊசி, தூய்மை செய்யாத பச்சை குத்தும் கருவி. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கைகுலுக்குவதாலோ பரவாது. பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இருக்காது. அதற்குள் கல்லீரல் சிறிது சிறிதாகத் தழும்பேறி இறுகிவிடும்.

சிங்கப்பூருக்கு இந்த நோய் அந்நியமானதன்று. 2015 அக்டோபரில், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சிறுநீரக நோயாளிகள் பிரிவில் ஹெப்படைட்டிஸ் சி பரவியது என்ற செய்தி வெளியாகி நாட்டையே உலுக்கியது. மொத்தம் 25 நோயாளிகள் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 8 பேர் இறந்தனர். 7 பேரின் இறப்புக்கு இந்தத் தொற்றும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று கூறப்பட்டது. கிருமிப் பரவலைத் தடுக்கும் நடைமுறைகளில் இருந்த குறைகளை, அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த தனிநிலை மறுஆய்வுக் குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது.

மருந்தைப் பற்றிய ஒரு பாடமும் அந்தக் காலக்கட்டத்தில் இருக்கிறது. சோஃபோஸ்புவிர் என்ற புதிய மாத்திரைக்கு 2013 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்திருந்தது. ஆனால், உடலில் அது சிதைந்து உண்டாகும் பொருள் சிறுநீரகத்தின்வழி வெளியேறுகிறது. எனவே, சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அப்போதைய மருந்துக் குறிப்பு எதையும் பரிந்துரைக்கவில்லை. மேலும் ஆய்வுகள் நடந்தபின் 2019இல்தான் அமெரிக்காவில் அந்தக் குறிப்பு மாற்றப்பட்டது. ஒருவருக்குப் பாதுகாப்பான மாத்திரை மற்றவருக்கும் பாதுகாப்பானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. அதை முடிவு செய்ய மருத்துவருக்கு அந்த நோயாளியைப் பற்றிய முழு விவரம் வேண்டும்.

இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன? ஹெப்படைட்டிஸ் சி கிருமியின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. அதைப் படியெடுக்கக் கிருமியிடம் ஒரு நொதி உண்டு. சோஃபோஸ்புவிர், ஆர்என்ஏ சங்கிலியின் ஒரு கண்ணியைப் போல வேடமிட்டு அந்த நொதியை ஏமாற்றுகிறது. போலிக் கண்ணி சேர்ந்ததும் சங்கிலி அதற்குமேல் வளராது. அதோடு சேர்த்துக் கொடுக்கப்படும் வெல்பட்டாஸ்விர், கிருமிக்குத் தேவையான மற்றொரு புரதத்தை முடக்குகிறது. இரண்டு மருந்து எதற்கு? இந்தக் கிருமி படியெடுக்கும்போது பிழைகளைத் திருத்திக்கொள்வதில்லை. அதனால் மாறுபட்ட கிருமிகள் ஓயாமல் தோன்றுகின்றன. ஒரு மருந்துக்குத் தப்பியது மற்றொன்றில் சிக்கிக்கொள்ளும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று 6ஆம் வாரத்தில் மாத்திரையை நிறுத்துபவர், தப்பிப் பிழைத்த கிருமிகளுக்கு மீண்டும் பெருக இடம் கொடுக்கிறார்.

இனி, மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை.

முதலாவது, ஹெப்படைட்டிஸ் பி. இது வேறொரு கிருமி. இரண்டும் ஒரே உடலில் இருந்தால், சி பெரும்பாலும் பி-யை அடக்கிவைத்திருக்கும். மாத்திரை சி-யை விரட்டியதும் பி தலைதூக்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 அக்டோபரில் இதற்காகக் கடும் எச்சரிக்கை விடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் இவ்வாறு 24 பேர் பாதிக்கப்பட்டது தெரியவந்திருந்தது. 2 பேர் இறந்தனர், ஒருவருக்குக் கல்லீரல் மாற்றவேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1987 முதல் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. இங்கே பிறந்த உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கும். உங்கள் தாத்தா பாட்டிக்குக் குழந்தைப் பருவத்தில் அது கிடைக்கவில்லை. அதனால்தான் முதல் மாத்திரைக்கு முன்பே பி-க்கான ரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது.

இரண்டாவது, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் என்ற மருந்துடன் சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான கார்பமாசெபைன், ஃபெனிடோயின் ஆகியவையும் ஹெப்படைட்டிஸ் சி மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகள் சிலவற்றின் அளவு மாறாக ஏறிவிடும். இவற்றைவிட எளிதாக மறந்துபோவது ‘கேஸ்ட்ரிக்’ மருந்து. வெல்பட்டாஸ்விர் கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும். ஒமிப்ரசோல் போன்றவை அந்த அமிலத்தைக் குறைக்கின்றன. கரையாத மாத்திரை ரத்தத்தில் போதுமான அளவு சேராது. நெஞ்செரிச்சலுக்குத்தானே சாப்பிடுகிறேன், இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

மூன்றாவது, நாட்டு மருந்து. லிட்டில் இந்தியாவில் மூலிகைப் பொடிகளும் லேகியங்களும் கிடைக்கின்றன. கல்லீரல் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் கீழாநெல்லியைச் சொல்வார்கள். அறிவியல் அதை ஏளனம் செய்து ஒதுக்கவில்லை. சென்னையில் எஸ்.பி.தியாகராஜனும் சக ஆய்வாளர்களும், நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, ஹெப்படைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி இனச் செடி ஒன்றின் பொடியைக் கொடுத்துப் பார்த்தனர். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்ததாக 1988இல் ‘லேன்செட்’ இதழில் எழுதினர். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. அது பி கிருமி பற்றிய ஆய்வு, சி பற்றியதன்று என்பதையும் கவனியுங்கள். மூலிகையும் வேதிப்பொருள்களின் தொகுப்புதான். மருந்தோடு அது எப்படிச் சேரும் என்று தெரியாதபோது அதையும் பட்டியலில் எழுதுவதே முறை. பாட்டியின் மீதுள்ள மரியாதை அதனால் குறைந்துவிடாது.

95 விழுக்காட்டினர் குணமாகும் மருந்தைப் பற்றி இப்படிப் பயமுறுத்தினால் பரிசோதனைக்கே யாரும் வரமாட்டார்களே என்று சிலர் வாதிடலாம். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. முன்பு இந்த நோய்க்கு 24 முதல் 48 வாரம் வரை இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். காய்ச்சலும் சோர்வும் வாட்டின. குணமானவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். அதனுடன் ஒப்பிட்டால் இன்றைய மாத்திரைகள் பெரும் வரம். தலைவலியும் களைப்பும்தான் பெரும்பாலும் வரும் தொல்லைகள். ஆனால், நான் மேலே சொன்ன ஆபத்துகள் அனைத்தும் முன்கூட்டியே கேட்டறிந்தால் தவிர்க்கக்கூடியவை. தவிர்க்க வழி இருக்கும்போது அதை வெளிப்படையாகச் சொல்வதுதான் நம்பிக்கையை வளர்க்கும்.

மருத்துவரைத் தவிர்த்துவிட்டு மருந்தை மட்டும் தேடுவதுதான் உண்மையில் அஞ்ச வேண்டியது. சோஃபோஸ்புவிர் வந்த புதிதில் அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014இல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்ததும் விலை சரிந்தது. பஞ்சாப் மாநிலம் 2016இலும், இந்திய அரசின் தேசியத் திட்டம் 2018இலும் இலவசச் சிகிச்சையைத் தொடங்கின. இவை நல்ல செய்திகள். இணையத்தில் மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். கட்டுப்பாடு மிகுந்த ஜப்பானிலேயே 2017 ஜனவரியில் இதே வகையைச் சேர்ந்த விலையுயர்ந்த மருந்தின் போலிகள் புட்டியோடு மருந்துக்கடைக்கு வந்து சேர்ந்தன.

ஒரு வேளை மாத்திரை தவறினால் மறுநாள் இரண்டாக விழுங்கக்கூடாது. எத்தனை மணி நேரத்துக்குள் சாப்பிடலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்தாளரைக் கேட்க வேண்டும். கடைசி மாத்திரையோடும் வேலை முடிவதில்லை. 12 வாரம் கழித்து ரத்தத்தில் கிருமியின் ஆர்என்ஏ இல்லை என்று தெரிந்தால்தான் குணமானதாகப் பொருள். எதிர்ப்புரதம் அதன்பிறகும் ரத்தத்தில் இருக்கும். அதைக் கண்டு நோய் திரும்பிவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை. ஆனால் அது காவலும் அன்று. இந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை. குணமானவருக்கும் மீண்டும் தொற்றலாம்.

நம் வீடுகளில் தாத்தா பாட்டியின் மருந்து உறையில் உள்ள ஆங்கிலத்தை வாசித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். இந்த வார இறுதியில் ஒரு தாளை எடுங்கள். வீட்டுப் பெரியவர் சாப்பிடும் மாத்திரை, கடையில் வாங்கிய கேஸ்ட்ரிக் மருந்து, சத்து மாத்திரை, பொடி, லேகியம் எல்லாவற்றையும் பெயர், அளவு, வேளையோடு எழுதுங்கள். பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும்போது அதை அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். ஹெப்படைட்டிஸ் சி உள்ளவருக்கு மட்டுமன்று, எந்த மருந்து சாப்பிடுபவருக்கும் அது உதவும். அவர் எதையாவது சொல்ல வெட்கப்பட்டால், ஏன் என்று துருவிக் கேட்காமல் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.