அடுப்புக்கு முன்பணம் கொடுக்கும் முன்...

பெங்களூரில் கபாப் என்றால் பெரும்பாலும் எண்ணெய்ச் சட்டியில் பொரித்த சிவப்புக் கோழிதான். அந்தச் சிவப்புக்கு 2024 ஜூனில் கர்நாடக அரசு தடை போட்டது. ஆய்வகத்தில் சோதித்த 39 மாதிரிகளில் 8, செயற்கை நிறத்தால் கெட்டிருந்தன. தணலில் சுடுகிற கோழிக்குச் சாயம் தேவையில்லை. நெருப்பே நிறம் கொடுத்துவிடும்.

"நாமும் ஒரு பார்பெக்யூ கடை போட்டால் என்ன?" என்று யோசிக்கும் தமிழர்கள் சிவாஜிநகரிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற குமாஸ்தாவின் கையில் பி.எப். பணம். ஆலையை விட்டு நின்ற தொழிலாளியின் கையில் கணக்கு முடித்த பணம். யோசனை நல்லதுதான். ஆனால் முதல் வேலையாக பளபளக்கும் அடுப்புக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்களே, அதுதான் தவறு.

முதலில் பார்க்க வேண்டியது கடையின் கூரையை. இந்த ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் சின்னக் கடைகளில் பல, வீடுகளுக்கு அடியில் இருப்பவை. கோழிக் கொழுப்பு தணலில் சொட்டினால் எழும் புகை, மாடி வீட்டுக்காரரின் படுக்கை அறைக்குத்தான் போகும். புகைக்குழாயை மொட்டை மாடிக்கு மேல் கொண்டுபோகக் கட்டட உரிமையாளர் சம்மதிப்பாரா? அதை எழுத்தில் வாங்காமல் ஒரு கம்பிகூட வாங்கக் கூடாது. புகைக்கூண்டு, காற்றிழுக்கும் விசிறி, கொழுப்பைத் தடுக்கும் வடிகட்டி எல்லாம் சேர்ந்தால் அடுப்பின் விலையையே தாண்டிவிடலாம்.

2006-ல் மும்பையில் முதல் கடை திறந்து, இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் பார்பெக்யூ நேஷன், மேஜைக்குள்ளேயே அடுப்பு வைத்துப் பெயர் வாங்கியது. அதைப் பார்த்து நான்கு மேஜைக் கடையிலும் தணலை வைக்க ஆசை வருகிறது. மூடிய ஏ.சி. அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஆளைக் கொல்லக் கூடியது. சிறு முதலீட்டுக்காரருக்கு வாசல் பக்கம் ஒரே அடுப்பு போதும்.

கரியா, எரிவாயுவா? ருசிக்குக் கரிதான். கொட்டாங்குச்சிக் கரி புகை குறைவு, சூடு அதிகம். ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலங் கரியும் நன்றாக நின்று எரியும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து, கரி அடுப்பு வைத்திருந்த உணவகங்களை மின்சாரத்துக்கோ எரிவாயுவுக்கோ மாறும்படி மும்பை மாநகராட்சி சொல்லிவிட்டது. நாளை இங்கேயும் அப்படி வந்தால்? கரித்தட்டை எடுத்துவிட்டு பர்னர் மாட்டக் கூடியபடி பட்டறையில் சொல்லிச் செய்துகொள்வது நல்லது. எரிவாயு என்றால் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைக்கும் சாமர்த்தியம் பறிமுதலில் முடியும்.

எவர்சில்வர் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். "பாருங்கள், காந்தம் ஒட்டவில்லை, இது 304 ரகம்" என்பார் விற்பவர். மலிவான 202 ரகத்திலும் காந்தம் சாதாரணமாக ஒட்டாது! ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொன்னால் உண்மை வெளிவந்துவிடும். கரிப்பெட்டிக்கு எவர்சில்வர் தேவையே இல்லை. கனமான இரும்புத் தகடு போதும். மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். கோழி வைக்கும் கம்பிவலை மட்டும் ஜி.ஐ. வலையாக இருக்கவே கூடாது. அதன் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 419 டிகிரியில் உருகும்; கரித் தணலின் சூடு அதைவிட அதிகம். அந்தப் புகையும் பூச்சும் தின்பவர் வயிற்றுக்கும் சுடுபவர் நெஞ்சுக்கும் ஆகாது.

அடுப்பில் மிச்சம் பிடித்த பணம் குளிர்பெட்டிக்குப் போகட்டும். மசாலா தடவிய கறி 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கூடவே குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று. மேலே கருகி உள்ளே சிவந்திருக்கும் கோழிதான் இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து. துண்டின் நடுவில் 74 டிகிரி வந்தால் பயமில்லை.

அளவு? கரியை ஆள் வந்த பிறகு மூட்ட முடியாது. அரை மணி நேரம் முன்பே தணல் தயாராக வேண்டும். பத்துப் பேர் வந்தாலும் ஆறடிப் பெட்டிக்கு ஆறடிக் கரி. ஆகவே ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் மூன்றடியில் இரண்டு செய்துகொள்ளலாம். சனி, ஞாயிறு இரண்டையும் மூட்டலாம். செவ்வாய்க்கிழமை ஒன்று போதும்.