பொம்மை வீட்டுக் கணக்கு

“பொம்மை வீடுதானே அக்கா, அதுக்கு ஏன் 1,200 வெள்ளி?”

ஷா ஆலாமிலிருந்து பேசிய அந்தப் பெண் சண்டை பிடிக்கக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். அவருடைய பாட்டிக்கு 80ஆவது பிறந்தநாள். பாட்டி பிறந்து, வளர்ந்து, பால் வெட்டிய தோட்டத்து லயத்து வீட்டை மரத்தில் சின்னதாகச் செய்து தர வேண்டும். இணையத்தில் 80 வெள்ளிக்கே பொம்மை வீடு கிடைக்கிறதே என்றார்.

கிடைக்கிறது. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். தொழிற்சாலையில் லேசரால் வெட்டிய பலகைகள் எண் போட்டு ஒரு பெட்டியில் வரும். வரிசையாக ஒட்டிக்கொண்டே போகலாம், சனி ஞாயிறு நன்றாகப் போகும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் காபிக் கடையும் பூக்கடையும் இருக்குமே தவிர, அஞ்சடியும் மங்கும் காண்டாவும் இருக்காது.

சின்ன பொருள் என்றால் விலையும் சின்னதாக இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். கைவேலையில் அது தலைகீழ். நாங்கள் செய்வது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. அதாவது நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். ஆறரை அடிக் கதவு ஆறரை அங்குலம் ஆகிவிடும். மரம் குறைவாகத்தான் செலவாகும். ஆனால் நிஜக் கதவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் யாருக்கும் தெரியாது. இதில் பிசகினால் கதவு மூடாது. கூரைத் தகரத்தின் நெளிவை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் நெளிவுக்கு நெளிவு மூன்று அங்குலம், எங்களுக்கு ஆறு மில்லிமீட்டர். குளிர்பான டின்னை வெட்டி, இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து, ஒவ்வொரு நெளிவாக அழுத்த வேண்டும். ஒரு கூரைக்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும்.

பொம்மை வீட்டுக்குப் பணம் கொட்டுவது இன்று நேற்று வந்த பைத்தியமும் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பணக்காரச் சீமாட்டியின் பொம்மை வீடு இருக்கிறது. 1686 முதல் 1710 வரை சேர்த்துச் சேர்த்துச் செய்தது. அதற்கு ஆன செலவில் அந்த ஊரில் கால்வாய்க் கரையோரம் ஒரு நிஜ வீடே வாங்கியிருக்கலாமாம்! இதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டு, “சரிக்கா, 1,200” என்றார்.

ஐந்து மாதம் ஆயிற்று. நான் தனியாகச் செய்யவில்லை. எங்கள் தாமானில் நான்கு வீடு தள்ளி ஒரு மாமா இருக்கிறார். நாற்பது வருடம் தளவாடத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவு, ஜன்னல், கூரை, அஞ்சடியில் போடும் பெஞ்சு, பால் வாளி, காண்டா எல்லாம் அவர் வேலை. சுவர், பெயிண்டு, துணி, சாமி படம், அடுப்பு, களிமண்ணில் செய்த மங்குகள் என்னுடையவை. பால் வெட்டும் கத்திக்கு என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, மாமா பழைய குடை ஒன்றின் கம்பியை ஒடித்துக்கொண்டு வந்தார். குடைக் கம்பி உட்புறம் குழிந்திருக்கும். அதன் நுனியைத் தேய்த்து, வளைத்து, பிடி போட்டார். மொத்த நீளம் இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை.

பிறந்தநாள் விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டை நெடுநேரம் பார்த்தார். அழவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. பிறகு விரல் நுனியால் அந்தக் கத்தியைத் தொட்டு, “இதைச் செஞ்ச ஆளு பால்மரம் வெட்டுறதைக் கிட்ட நின்னு பார்த்திருக்கணும். வாய் சரியா இருக்கு” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். வீட்டின் அடியில் ஒட்டிய அட்டையில் ‘கைவண்ணம்’ என்று போட்டு என் பெயர் மட்டும்தான் இருந்தது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். படங்கள் எடுத்துக்கொண்டோம்.

அன்று இரவு கணக்கு நோட்டை எடுத்தேன். எடுத்ததே அந்தப் பெண் எவ்வளவு குறைவாகக் கொடுத்தார் என்று பார்த்துப் புலம்பத்தான். சாமான்கள் 310 வெள்ளி. மீதி 890. இரண்டு பேரும் சேர்ந்து உழைத்தது 178 மணி நேரம். மணிக்கு 5 வெள்ளி! நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்குப் பார்த்தால் 8 வெள்ளி 17 காசு. கைவேலைக்கு மதிப்பே இல்லை என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். “மாமாவுக்கு எவ்வளவு குடுத்தே?” என்றார்.

கைச்செலவுக்கு என்று 150 கொடுத்திருந்தேன். மாமா உழைத்தது 52 மணி நேரம். மணிக்கு மூன்று வெள்ளிகூட வரவில்லை.

மறுநாள் காலை மாமாவுக்கு விருந்துப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் வந்தபோது வாசலில் பார்த்துக்கொண்டோம். “அழகா வந்திருக்கும்மா” என்றவர், கொஞ்சம் தயங்கி, “அந்தக் கத்தியைப் பத்தி அந்தம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை. அட்டையைப் பற்றியும் கேட்கவில்லை. படத்தில் அது தெளிவாகவே தெரிந்தது.

சிகாகோ கலைக்கூடத்தில் 68 சின்ன அறைகள் இருக்கின்றன. எல்லாம் எங்களுடைய இதே அளவுதான். தோர்ன் அறைகள் என்று பெயர். திருமதி தோர்ன் திட்டமிட்டுப் பணம் போட, 1932 முதல் 1940 வரை தேர்ந்த கைவினைஞர்கள் செய்தவை. ஊர் உலகத்துக்குத் தெரிந்த பெயர் அவருடையதுதான். அவருக்கு வேலை செய்தவர்களில் யூஜின் கப்ஜாக், பின்னர் தனியாகத் தொழில் செய்து தன் பெயரிலேயே அறைகள் செய்தார். இதையெல்லாம் படித்தபோது ‘அந்தம்மா செய்தது நியாயமா’ என்று எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. அது நடந்தது போன வருடம்தான்.

பாட்டி சொன்னதை வார்த்தை மாறாமல் மாமாவிடம் சொன்னேன். ஷா ஆலாமுக்கும் கூப்பிட்டு, கத்தி செய்தவர் யார் என்று சொன்னேன். பாட்டி எண்ணை வாங்கி, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று மாமாவிடம் பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். 8 வெள்ளி 17 காசுக் கணக்குப்படி மாமாவுக்கு இன்னும் 275 வெள்ளி சேர வேண்டியிருந்தது. கொண்டுபோய் நீட்டினால், வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். மாமி வாங்கிக்கொண்டார்.

அதுவும் நியாயமான கூலி இல்லைதான். குறைந்தபட்ச ஊதியம் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் சட்டம் தருவது. நாற்பது வருடக் கைக்கு அது எப்படிப் பொருந்தும்? இப்போது மாமாவுக்கு மணிக்கு 15, எனக்கு 10 என்று போடுகிறேன். அதே லயத்து வீடு இன்று செய்தால் 2,350 வெள்ளி. விலையோடு மணிக்கணக்கையும் எழுதியே அனுப்புகிறேன். அதன் பிறகு மூன்று பேர் கேட்டார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் முன்பணம் கட்டியிருக்கிறார். அவருக்கு வேண்டியது பழைய ஒட்டுக்கடை ஒன்று.

அதற்கான அட்டையில் இரண்டு பெயர் போடுவதாக மாமாவிடம் சொன்னேன். “போடறதா இருந்தா த/பெ போட்டு அப்பா பேரையும் சேர்த்துப் போடும்மா. பால் கத்தியை அவர் கையிலதான் பார்த்தேன்” என்றார். பழைய அட்டையில் இடம் போதவில்லை. பெரிய அட்டைக்குச் சொல்லியிருக்கிறேன்.