வளர வளரச் சரியாகிவிடுமாம்!

'மாறுகண்ணா? கவலையே படாதீங்க, அதிர்ஷ்டக்காரப் பிள்ளை.' பூ, விளக்கு, கும்பிடும் கை சகிதமாக இந்தப் பொன்மொழி மறுபடியும் வாட்ஸ்அப் குழுக்களில் உலா வந்துகொண்டிருக்கிறது. கூடவே அதன் தங்கையும் வருகிறாள்: 'கைக்குழந்தைக்குக் கண் டெஸ்ட் எதற்கு? வளர வளரச் சரியாகிவிடும்.' ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகால் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்த இரண்டும் கூச்சமில்லாமல் புழங்குகின்றன என்பதில்தான் எனக்கு எரிச்சல். புல்லட் செய்கிற ஊர் அது. அங்குள்ள ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் ஒரு வண்டியின் ஹெட்லைட் சாய்ந்து, சாலையைப் பார்ப்பதற்குப் பதிலாகச் சாலையோரப் புளியமரத்தைப் பார்த்தால், 'அதிர்ஷ்ட வண்டி, ஓட ஓட நேராகிவிடும்' என்று மாலை போட்டு அனுப்புவார்களா? ஷிப்டு முழுக்க அடுத்தவன் வண்டியின் விளக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்ததும் தன் பிள்ளையின் கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருப்பதைப் பார்த்து லாட்டரிச் சீட்டு வாங்கலாமா என்று யோசிக்கிறார். நல்லவேளை, தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை.

கண் என்பது கைகால் போலத் தானாக வளர்கிற உறுப்பு என்ற நினைப்பில்தான் கோளாறு தொடங்குகிறது. பிறந்த குழந்தைக்குக் கண் இருக்கிறது. பார்வை இன்னும் முழுதாக இல்லை. பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம்தான் அதன் உலகம், அதுவும் மங்கலாக. அடுத்த சில மாதங்களில் இரண்டு கண்களிலிருந்தும் வருகிற காட்சியை ஒன்றாகச் சேர்க்க மூளை பழகுகிறது. நான்கு மாதம் வரை கண் அவ்வப்போது விலகிப் போவது சகஜம். அதற்குப் பிறகும் விலகி நின்றால் மூளை இரட்டைக் காட்சியைச் சகித்துக்கொண்டிருக்காது. விலகிய கண்ணின் சேதியைக் கேட்பதை நிறுத்திவிடும். இதைத்தான் டாக்டர்கள் சோம்பேறிக் கண் என்கிறார்கள். சோம்பல் கண்ணுக்கு இல்லை, நமக்கு. 1960களில் ஹியூபல், வீஸல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்து, சில மாதம் கழித்துத் திறந்துவிட்டார்கள். கண் பழுதில்லாமல் இருந்தது, ஆனால் மூளை அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது அந்தச் சேதம் வரவில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வளர வளரச் சரியாவது ஒருபுறம் இருக்கட்டும், வளர்ந்துவிட்டால் சரிசெய்யும் வாய்ப்பு சுருங்கிவிடும் என்பதுதான் இதன் பொருள். பிறவிக் கண்புரை ஒரு கண்ணை அடர்த்தியாக மூடியிருந்தால் முதல் இரண்டு மாதங்களுக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் அவசரப்படுவதும் இதனால்தான். நம் ஊர் விசித்திரம் என்னவென்றால், தானாகவே சரியாகிற மெட்ராஸ் ஐ வந்தால் தெருவே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நடுங்கும். தானாகச் சரியாகாத மாறுகண் வந்தால் அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர்.

'கோளாறு இருந்தால் பெற்றவளுக்குத் தெரியாதா?' என்று அடுத்த கேள்வி வரும். தெரியாது. எழும்பூர்க் குழந்தையைப் பாருங்கள். 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் 29ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1250 கிராம். சில வாரங்கள் இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றோர் அலட்சியக்காரர்கள் இல்லை. திரும்பத் திரும்ப டாக்டர்களிடம் காட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அந்த விழித்திரையை ஒருவரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று சொல்லவும் இல்லை. சில மாதங்கள் கழித்துத் தெரிய வந்தபோது, குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய் அதன் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பார்வை போய்விட்டது. இந்த நோயில் கண் சிவக்காது, பீளை தள்ளாது, வீங்காது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் தாயின் வயிற்றில் பத்தாவது மாதம் நெருங்கும்போதுதான் ஓரம் வரை போய்ச் சேரும். முன்னாலேயே பிறந்த குழந்தைக்கு அவை பாதியில் நின்று, பிறகு கண்டபடி முளைத்து, விழித்திரையையே பிய்த்து இழுக்கும். இத்தனையும் உள்ளே நடக்கும்போது வெளியே மைதீட்டினாற்போல் அழகான கண் பெற்றவளையே பார்த்துக்கொண்டிருக்கும். தாய்ப்பாசத்தால் விழித்திரையைப் பார்க்க முடியாது. அதற்குக் கருவி வேண்டும், பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்தக் குழந்தை பிறந்தது எழும்பூரில் என்பதை இன்னொரு முறை சொல்கிறேன். 1819இல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்றும் அதே எழும்பூரில்தான் இருக்கிறது. மெட்ராஸ் ஐ என்ற பெயருக்கே அதுதான் தாய்வீடு. அதன் நிழலில் ஒரு குழந்தை பார்க்கப்படாமல் பார்வை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் இழப்பீடாக 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 ஜூலையில் அது சுமார் 1 கோடியே 80 லட்சம் ஆனது. பிறந்த முதல் மாதத்தில் சில நிமிடச் சோதனையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் நீதிமன்றத்தில் முடியும்போது அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது கடந்திருந்தது. ஆகவே 'வளர்ந்தால் சரியாகும்' என்பது திண்ணைக் கிழவிகளின் சொத்து மட்டுமில்லை. ஸ்டெதஸ்கோப் மாட்டியவர்களிடமும் அது வேறு உருவத்தில் குடியிருந்தது. எடை ஏறுகிறதா, பால் குடிக்கிறதா, சரி, போய் வாருங்கள். இன்றைக்கு நம் நாட்டு வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: 2000 கிராமுக்குக் குறைவான எடையிலோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தையின் விழித்திரையை முப்பது நாளுக்குள் பார்த்துவிட வேண்டும், மிகச் சிறிய குழந்தை என்றால் இன்னும் முன்னாலேயே. நம் வீடுகளிலும் ஒரு முப்பது நாள் கணக்கு உண்டு: தீட்டுக் கழியும்வரை பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. மருத்துவம் உள்ளே வரச் சொல்கிற அதே முப்பது நாளில் சம்பிரதாயம் வெளியே விடாது. இரண்டு முப்பதும் மோதினால் எது ஜெயிக்கும் என்று சொல்லவா வேண்டும்?

'சரி, எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எதைக் காட்டி டெஸ்ட் பண்ணுவீர்கள்?' இதைக் கேட்பவர் முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை இருக்கும். கண் சோதனை என்றால் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை, அதைக் கடைசி வரி வரை தப்பில்லாமல் ஒப்பித்தால் பாஸ் என்று நினைக்கிற கூட்டம் நாம். பரீட்சை புத்தி. குழந்தை ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். ஒரு சின்ன வெளிச்சத்தைக் கண்மணிக்குள் விட்டால் உள்ளிருந்து சிவப்பாக ஒளி திரும்பி வர வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். இதற்கு ஒரு நிமிடம் போதும். ரெட்டினோஸ்கோப் என்ற கைக்கருவியால் சொட்டு மருந்து விட்ட கண்ணின் பவரை டாக்டரே அளந்துவிடுவார். ஒரு பாதியில் கோடுகளும் மறுபாதியில் வெறும் சாம்பல் நிறமும் உள்ள அட்டையைக் காட்டினால், கோடு தெரிகிற குழந்தை கோட்டுப் பக்கம் திரும்பும். 'எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படித்தான் இருந்தது, தானாகச் சரியாகிவிட்டது' என்பார்கள். இருக்கலாம். மூக்குத்தண்டு அகலமாக இருக்கும் குழந்தைக்குக் கண் விலகியதுபோல ஒரு தோற்றம் வரும்; முகம் வளர்ந்ததும் போய்விடும். அது மாறுகண்ணே இல்லை. எது நிஜம், எது தோற்றம் என்று டார்ச் வெளிச்சத்தை வைத்துப் பிரித்துச் சொல்லத்தான் ஆள் இருக்கிறார். அவரிடம் போகாமல் எப்படித் தெரிந்தது? எழும்பூர்க் குழந்தைக்கும் பார்க்க எல்லாம் சரியாகத்தானே இருந்தது?

சோதனைக்குப் போய்க் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டால் வீட்டில் இழவு விழுந்த மாதிரிதான். அதுவும் பெண் குழந்தையாக இருந்தால் ஒரு வயதிலேயே அதன் கல்யாணக் கவலை தொடங்கிவிடும். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடித் தொழிற்சாலை வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அந்த வட்டாரத்திலேயே குழந்தை மூக்கில் கண்ணாடி என்றால் மானக்கேடு. பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்பது இன்னொரு சமாதானம். 2009இல் வந்த கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கிடைத்தது, நல்ல காரியம். ஆனால் கைக்குழந்தையாக இருந்தபோதே மூளை கைவிட்ட கண்ணை, கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொல்லும் வயதில் மீட்பது பெரும்பாடு. ஒரு கண் நன்றாக இருந்தால் பிள்ளை சொல்லவும் செய்யாது. அதற்குத்தான் இன்னொரு கண்ணால் எல்லாம் தெரிகிறதே. அரசைச் சொல்லாமல் விட முடியாது. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அடுக்கடுக்காகக் கட்டில். கல்யாணமாகி அந்தப் பெண்கள் கட்டிலைக் காலி செய்த பிறகு யார் கணக்கிலும் அவர்கள் இல்லை. பிரசவம் தாய்வீட்டில், புருஷன் வேலை ஒரகடத்தில், தடுப்பூசி அட்டை ஓர் ஊரில், ஆதார் இன்னோர் ஊரில். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பம் என்றால் டாக்டர் சொல்வது புரிவதே தனிப் பிரச்சினை. முப்பது நாள் கணக்கு இந்த அலைச்சலில் எங்கே போகும்? 2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் சோதனைத் திட்டத்தில் பிறவிக் கண்புரையும் குறைமாத விழித்திரை நோயும் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருப்பதைக் குடும்பத்துக்குச் சொல்ல ஆள் வேண்டாமா? வேலைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் நிறக்குருடு இருக்கிறதா என்று அட்டை காட்டிப் பார்க்கத் தெரிகிறது.

இதற்கு நடுவே கை வைத்தியம் வேறு. கண்ணில் தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு, மை தீட்டினால் கண் பெரிதாகும். தாய்ப்பால் வாய்க்கு அமிர்தம். கண்ணுக்கு அது மருந்தில்லை. கடையில் விற்கும் சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது. கன்னத்தில் பொட்டு, காலடியில் பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு, வாசலில் பூசணிக்காய் என்று ஊரார் கண்ணிலிருந்து பிள்ளையைக் காக்க இத்தனை ஏற்பாடு. பிள்ளையின் சொந்தக் கண்ணுக்கு ஏற்பாடு, அதிர்ஷ்டம்.

கடைசியாக ஓர் ஆட்சேபம் மிச்சமிருக்கிறது, அதுதான் ரொம்ப உருக்கமானது: 'பச்சைக் குழந்தையின் இமையை விரித்துப் பிடித்துப் பார்ப்பார்களாமே, அழாதா?' அழும். சொட்டு மருந்து எரியும், வெளிச்சம் கூசும், சில நிமிடம் வீரிட்டு அழும். பிறகு மார்பில் போட்டுக்கொண்டால் தூங்கிவிடும். இதே பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் மண்டபம் பிடித்து, மேளம் வைத்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, நாலு பேர் கையையும் தலையையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, இரண்டு காதிலும் ஊசி இறக்குவார்கள். பிள்ளை அடிவயிற்றிலிருந்து அலறும். 'அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு' என்று வாயில் சர்க்கரையைத் திணித்துவிட்டு, வரிசையாகப் பந்திக்கு நடப்பார்கள்.