இருபது பிணங்கள் கேட்கும் கேள்வி

ஜவ்வாது மலையின் அடிவாரம் செங்கம். அந்த வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய நடுகற்கள் பல உண்டு. மாடு பிடிச் சண்டையில் மாண்ட வீரனுக்கும், அவன் யார், எப்படி மாண்டான் என்று எழுதிக் கல் நட்டார்கள் நம் முன்னோர். அதே மலையின் மக்கள் நம் காலத்தில் மாண்டபோது, எப்படி மாண்டார்கள் என்பதைச் சுட்டவர்களே முதலில் எழுதினார்கள்!

2015 ஏப்ரல் 7, விடியற்காலை. திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில், இரண்டு இடங்களில், தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள் 20 பேரை ஆந்திர சர்க்காரின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்ட மலைக்கிராமத்தார். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் உண்டு. கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். முந்திய நாளே கூட வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்து போலீசார் இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். மத்திய புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும் என்று ஆணையமும் பரிந்துரைத்தது.

மரம் வெட்டப் போனது குற்றமில்லையா என்பார் சிலர். குற்றந்தான். 2013 டிசம்பரில் அதே காட்டில் வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டதையும் நாம் மறைக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கண்ணீரும் கண்ணீரே. ஆனால் மரம் வெட்டியவனுக்குச் சட்டம் விதிப்பது சிறை, சாவல்ல. சாமை விதைத்தும் தேன் எடுத்தும் வயிறு நிரம்பாதவன் கோடரி தூக்குகிறான். மரமோ சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போய்க் கொள்ளை விலைக்கு விற்கிறது. குண்டு மட்டும் கூலிக்காரன் மார்பைத் தேடி வருகிறது!

போலீசானாலும் பட்டாளமானாலும் துப்பாக்கி பிடித்த அதிகாரம் பேசும் பேச்சு ஒன்றுதான். 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படை கிழவர், பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கொன்று குவித்தது. வியட்நாமியர் கணக்கில் மாண்டவர் 504 பேர். 128 எதிரிகளை வீழ்த்தியதாகப் பட்டாளம் அறிவித்தது. கைப்பற்றிய துப்பாக்கிகளோ மூன்றே மூன்று! ஓராண்டு அந்தப் பொய் நின்றது. ரான் ரைடனவர் என்ற சிப்பாய் தன் தோழர்களிடம் கேட்டறிந்ததை 1969-இல் கடிதமாக எழுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பினார். அதன் பிறகே விசாரணை வந்தது. தண்டனை பெற்றவர் காலி என்ற ஒரே அதிகாரி. நீதி அரைகுறைதான், ஆனாலும் பொய் அம்பலமாயிற்று.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. மோதல் சாவு ஒவ்வொன்றுக்கும் வழக்குப் பதிய வேண்டும், வேறு நிலையத்தாரோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும் என்று 2014 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் விதித்தது. சிறப்பு அதிகாரச் சட்டம் உள்ள இடத்திலும் ராணுவத்தாருக்கு முழு விலக்கு இல்லை என்று 2016 ஜூலையில் மணிப்பூர் வழக்கில் சொன்னது.

ஆனால் ஏட்டுச் சட்டம் தானாக நடக்காது, தோழர்களே! வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஊழியர்கள் 18 பெண்களைச் சீரழித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்தார்கள். மீதி 215 பேரும் 2011-இல் தண்டனை பெற்றார்கள். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 19 ஆண்டுகள் அந்தப் பெண்கள் சளைக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் அவர்களைக் கைவிடவில்லை. அதனால் வந்த நீதி அது.

எனவே, மோதலில் சாவு என்று செய்தி வரும்போது பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். வழக்குப் பதிவாயிற்றா? விசாரிப்பவர் யார்? கண்ணால் கண்டவர் சொல்வதென்ன? ஆலை வாசலில் கேளுங்கள், தேநீர்க் கடையில் கேளுங்கள். கோர்ட்டுப் படியேற மலையிலிருந்து இறங்கி வரும் விதவைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மாண்ட இருபது பேருக்கும் நாம் நட வேண்டிய கல் அதுதான்.