குச்சிக்கிழங்கும் சாட்சியச் சட்டமும்

கள்ளக்குறிச்சி கோர்ட்டு வளாகத்தில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். சட்டப் பட்டம் கிடையாது. வக்கீல்களுக்கான அகில இந்திய பார் தேர்வை எழுதும் தகுதியும் இல்லை. ஆனாலும் ஓய்வுக்குப் பிறகு எனக்குப் பொழுதுபோக்கு அந்தத் தேர்வின் பழைய கேள்வித்தாள்கள்தான். கம்பெனிச் சட்டம், வரிச் சட்டம் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. ஒப்பந்தம், சாட்சியம் இரண்டு மட்டும். சிலருக்குச் சுடோகு, எனக்கு இது.

2011இல் தொடங்கிய தேர்வு. 100 கேள்விகள், மூன்றரை மணி நேரம், தமிழிலும் எழுதலாம். பட்டம் வாங்கிய கையோடு எழுத வரும் பிள்ளைகள் பலர் பிரிவு எண்களை உருப்போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 2024 ஜூலை 1 அன்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாட்சிய அதினியம் வந்ததும் அவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய பழைய 25, 26, 27 மூன்றும் இப்போது 23க்குள் அடக்கம். புதிர் மட்டும் மாறவில்லை.

காவலில் இருப்பவன் சொல்கிறான்: “அவனைக் குத்தின கத்தியை கோமுகி அணைக் கரைப் புதர்ல ஒளிச்சு வெச்சிருக்கேன்.” போய்ப் பார்த்தால் கத்தி கிடைக்கிறது. இதில் எவ்வளவு செல்லும்? டீக்கடையில் கேட்டேன். “அதான் கத்தியே கிடைச்சிடுச்சே, எல்லாம் செல்லும்” என்றார்கள். ஒளித்துவைத்த இடத்தைச் சொன்ன பகுதிதான் செல்லும். ‘குத்தின’ என்ற சொல் செல்லாது. 1946இல் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் போட்ட கோடு அது. அடித்து வாங்கிய வார்த்தையை நம்பக் கூடாது, ஆனால் கிடைத்த பொருளை இல்லையென்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரே வாக்கியத்தை வெட்டுகிற அழகுக்காகவே சாட்சியச் சட்டத்தை எனக்குப் பிடிக்கும்.

ஒப்பந்தத்தில் எனக்கு ஆகாத தீர்ப்பு ஒன்று உண்டு. 1913, அலகாபாத், லால்மன் சுக்லா வழக்கு. காணாமல்போன பையனைத் தேடி வேலைக்காரரை அனுப்புகிறார் முதலாளி. அவர் போன பிறகு பரிசு அறிவிக்கிறார். அது தெரியாமலே பையனைக் கண்டுபிடித்த வேலைக்காரருக்குப் பரிசு கிடையாது என்றது நீதிமன்றம். தெரியாத அறிவிப்பை ஏற்றுக்கொள்வது எப்படி? தர்க்கம் சரிதான். தேடிக் கண்டுபிடித்தவனுக்கு அறிவித்த பரிசு கிடைக்காமல் போனது சரியா என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வேன்.

இதையெல்லாம் சாதாரண ஜனங்களும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிக்கொடுத்தால் வம்பு வழக்கு பெருகும் என்கிறார் எங்கள் தெருக்காரர் ஒருவர். நான் பார்த்தவரை கோர்ட்டு வாசலில் நின்றவர்கள் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான். குச்சிக்கிழங்கு வியாபாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் வைத்தே வாய்வழியாக விலை பேசி வியாபாரி முன்பணம் தருகிறார். ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் விலை இறங்கியதும் கிழங்கு பிடுங்க ஆள் வரவில்லை. வாய்வழி ஒப்பந்தமும் செல்லும் என்கிறது ஒரு சட்டம். சரி, எப்படிக் காட்டுவாய் என்கிறது இன்னொன்று. முன்பணம் கொடுத்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஒரே ஒருவர் என்றாலும் போதும்; இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு கிடையாது. ஆனால் சீட்டில் ஒரு விலை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, வாயால் வேறு விலை சொன்னார் என்றால் பொதுவாக எடுபடாது.

கல்வராயன் மலையில் இது இன்னும் அவசரம். செம்மரம் வெட்ட ஆந்திராவுக்கு ஆள் பிடிக்கும் தரகர் நீட்டுவதும் முன்பணம்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றம் செய்வதற்கான பேச்சு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் செல்லாது. பணம் வாங்கியவர் மரம் வெட்ட வரவில்லை என்று தரகர் வழக்குப் போட வழியில்லை. இதை வெள்ளிமலைச் சந்தையில் யாராவது உரக்கச் சொல்லியிருக்கிறார்களா?

சட்டப் பணிகள் ஆணைக்குழு மலையில் முகாம் போடும்போது துண்டறிக்கைக்குப் பதில் பத்துக் கேள்விகள் கொடுக்கட்டும். முதல் கேள்வியை நானே தருகிறேன். மேஸ்திரியிடம் 30,000 ரூபாய் முன்பணம் வாங்கிக் கரும்பு வெட்டப் போன ஒருவர், கடன் தீரும்வரை ஊர் திரும்பக் கூடாது என்று தடுத்துவைக்கப்படுகிறார். இது கொத்தடிமைக் கடன் என்கிறார் அவர். இல்லை என்கிறார் மேஸ்திரி. நிரூபிக்க வேண்டியது யார்?

சொல்பவன்தான் நிரூபிக்க வேண்டும் என்ற பொது விதியை வைத்துத் தொழிலாளியைக் குறித்தால் மதிப்பெண் போச்சு. மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் முடிந்த அதே 1976இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அந்தச் சுமையைக் கடன் கொடுத்தவர் தலையில் வைக்கிறது. மனுவைக் கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ கொடுக்கலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை, குமாஸ்தாவும் தேவையில்லை.