குட்டியின் ரத்தக் கழிச்சலை அலட்சியம் செய்யலாமா?

பட்டிக்கும் களத்துக்கும் காவலிருக்கும் நாய் வயிற்றுக் கோளாறில் படுத்துவிட்டால், "புல்லைத் தின்று தானே சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவது கிராம வழக்கம். வளர்ந்த நாய்க்குப் பல சமயம் அப்படியே சரியாகியும் விடும். ஓரிரு தடவை கழிந்தாலும் சுறுசுறுப்பாக நடமாடித் தண்ணீர் குடித்தால், அரை நாள் தீனியை நிறுத்தி, பிறகு குழைந்த சோற்றைச் சிறிது சிறிதாக வைத்தால் போதும்.

குட்டியின் விஷயம் வேறு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி தீனியை வெறுத்து, ஓயாமல் வாந்தியெடுத்து, துர்நாற்றத்துடன் ரத்தமாகக் கழிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பார்வோ வைரஸ் நோயைத்தான். 1978-ல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. இது தெரியாமல், விஷம் வைத்துவிட்டார் என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு! குட்டியின் உயிரைக் குடிப்பது உடலில் நீர் வற்றிப்போவதும், புண்ணான குடல் வழியே கிருமிகள் ரத்தத்தில் கலப்பதும்தான். பிடரித் தோலை இழுத்து விட்டால் உடனே படியாமல் மடிப்பாக நிற்கும். ஈறு காய்ந்து பிசுபிசுக்கும். அந்த நிலை வரும்வரை காத்திராமல், ரத்தத்தைக் கண்ட அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். மாட்டுக்கு மருந்து ஊற்றுவதுபோல் மூங்கில் குழாயால் கஞ்சியை ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். நாம் விழுங்கும் வலி மாத்திரைகளைக் கொடுப்பதோ குடலில் ரத்தக்கசிவை வரவழைக்கும்.

ஈறு வெளிறி, கழிச்சல் தார்போல் கறுத்திருந்தால் கொக்கிப்புழுவாகவும் இருக்கலாம். தாய்க்கும் குட்டிகளுக்கும் சேர்த்தே குடற்புழு மருந்து கொடுப்பது நல்லது.

மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி போடத் தவறாத நாம், குட்டிக்குச் செலவு செய்ய மட்டும் யோசிப்பது சரியான கணக்கல்ல. பல நாள் குளுக்கோஸ் ஏற்றும் செலவைவிடத் தடுப்பூசிச் செலவு குறைவு. வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. அது இந்நோயைத் தடுக்காது. 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வீணாக்கிவிடக்கூடும் என்பதால் ஒன்றோடு நிறுத்தக் கூடாது.

குட்டி இறந்த இடத்தில் உடனே இன்னொன்றைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். இந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும், பினாயிலுக்குச் சாகாது. சிமெண்டுத் தரையையும் தீனித் தட்டையும் நன்கு கழுவிவிட்டுப் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிக்கலாம். மண் தரையில் அது சரிவரப் பலிக்காது. ஆகவே புதுக் குட்டிக்கு எல்லா ஊசியும் முடிந்த பிறகே அங்கே விட வேண்டும்.