கேலிப் படமாம்!

“போயும் போயும் அந்தக் கேலிப் படத்துக்கா கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்?” என்று கேட்டார் என் நண்பர். இலக்கியத்தில் கரை கண்டவர். சாகசக் கதை என்றாலே முகத்தைச் சுளிப்பார். அதைக் கேலி செய்யும் கதை என்றால் கேட்கவே வேண்டாம்; கேலிக்கு ஆழம் கிடையாது என்பது அவர் கட்சி.

1987-ல் ராப் ரைனர் எடுத்த ‘தி பிரின்ஸஸ் பிரைட்’ படத்தைத்தான் சொன்னார். நோயில் படுத்திருக்கும் பேரனுக்குத் தாத்தா ஒரு கதை படிக்கிறார். அதிலே ராஜகுமாரன் உண்டு, கடற்கொள்ளைக்காரன் உண்டு, ராட்சதன் உண்டு, முக்கால்வாசி செத்தவனைப் பிழைக்க வைக்கும் மாத்திரையும் உண்டு. எல்லாவற்றையும் படம் கிண்டல் செய்கிறது. முத்தக் கட்டம் வந்தால் பையன் முணுமுணுக்கிறான், கதை நின்றுவிடுகிறது. அத்தனையும் வாஸ்தவம். இதோடு படம் தீர்ந்தது என்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

இனிகோ என்ற ஸ்பானியனைப் பாருங்கள். அவன் தகப்பன் வாள் செய்கிறவன். ஆறு விரல் படைத்த பிரபு ஒருவன் வாள் செய்யச் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் பேசின விலையில் பத்தில் ஒரு பங்குதான் தருவேன் என்கிறான். தகப்பன் மறுக்கிறான், கொலையாகிறான். பையனுக்கு அப்போது 11 வயது. அப்புறம் 20 வருஷம் வாள் வித்தை பயின்று, கொன்றவனிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். ரசிகர்கள் அந்த வாக்கியத்தைச் சட்டையில்கூட அச்சடித்துக்கொண்டார்கள். அவர்கள் பேரிலும் எனக்கு வருத்தமே. பணம், அதிகாரம், கேட்டதெல்லாம் தருகிறேன் என்று பிரபுவின் வாயாலேயே சொல்லவைத்து, இனிகோ கேட்பது செத்துப்போன தகப்பனை அல்லவா? அங்கே சிரிக்க என்ன இருக்கிறது? அந்த வேஷம் போட்ட மாண்டி படின்கின் தம் தகப்பனாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோயே பிரபுவாக எதிரில் நிற்பதாக நினைத்து நடித்தேன் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

வாள் சண்டையும் அப்படித்தான். இருவரும் இடக்கையால் தொடங்கி, பாதியில் வலக்கைக்கு மாற்றிக்கொள்வது சுத்தப் பரிகாசம். ஆனால் அந்தப் பரிகாசத்துக்காக படின்கினும் காரி எல்வெஸும் பாப் ஆண்டர்ஸன், பீட்டர் டயமண்ட் என்ற இரண்டு வாத்தியார்களிடம் மாதக் கணக்கில் இரு கைகளாலும் பழகினார்கள். கரணம் போடுவது தவிர எல்லாம் அவர்களே செய்தது. வெட்டப் போகிற மரத்துக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா, ஐயா?

மூல நாவலை 1973-ல் எழுதியவர் வில்லியம் கோல்ட்மன், திரைக்கதையும் அவருடையதே. மார்கன்ஸ்டர்ன் என்ற பழைய ஆசிரியரின் நூலைச் சுருக்கித் தருவதாக அதில் புளுகியிருக்கிறார். அப்படி ஓர் ஆசிரியரே கிடையாது. வாங்கியவர்கள் படம் எடுக்காமல் கிடப்பில் போட்டதும், உரிமையைச் சொந்தப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கினார் மனிதர். நானும் நாவல் எழுதிப் பிழைக்கிறவன். கைக்கு வந்த காசைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வர்க்கத்தில் சுலபமாக நடக்கிற காரியம் அல்ல.

கொட்டகைகளில் படம் சுமாராகத்தான் ஓடியது. காதல் கதையா, கேலியா, குழந்தைகள் படமா, எதுவென்று சொல்லி விற்பது என்று கம்பெனிக்காரர்களுக்கே விளங்கவில்லை. பிறகு வீடியோ காஸெட் வந்து வீடு வீடாகப் பரவியது. 2016-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்ந்தது. விற்கிறவர் தவித்ததை மன்னிக்கலாம். படித்தவர்களும் எந்த அலமாரியில் வைப்பது என்று கேட்டுக்கொண்டு நிற்பதா?

இதையெல்லாம் நண்பரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தத் தகப்பன் கட்டம் படத்தில் எங்கே வருகிறது?” என்றார்.

“அப்படியானால் நீர் இன்னும் பார்க்கவே இல்லையா?” என்றேன்.